துறைமுகப் படத்துக்குப் பின்னால் விழுந்த மெனு

பிற்பகல் இரண்டு பத்துக்குத் துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் அலுவலக யன்னல்கள் அதிர்ந்தன. போர் திரும்பவும் தொடங்கியிருந்த ஆண்டு அது. சற்று நேரத்தில் கைத்தொலைபேசிகள் செத்துவிட்டன, வீதிகளை மூடிவிட்டார்கள். மகள் துளசி லிங்கநகரில் ரியூஷனில் இருந்தாள். அவள் என்னை அழைப்பதென்றால் அலுவலகத்தின் ஒற்றை லேண்ட்லைன்தான்.

அது அடித்தது. பாய்ந்து எடுத்தேன். லண்டனிலிருந்து ஒருவர். தோப்பூரிலிருந்து இடம்பெயர்ந்த தாயாரைத் தேடுகிறார். ஒரு நிவாரண அமைப்புக்கு நாங்கள் செய்த இணையத்தளத்தில் 'முகாம்கள்' மெனு திறக்கவில்லையாம்.

"கப்பல் படம்தான் ஓடுது பிள்ளை. அம்மா கிண்ணியாவிலயோ கந்தளாயிலயோ எண்டு பார்க்க ஏலாமக் கிடக்கு."

எங்கள் கணினியில் மெனு ஒழுங்காக விழுந்தது. பிழையே அங்கேதான். லைன் மெதுவென்று நாங்கள் எப்போதும் அசையும் படங்களை ஓட்டும் ஃபிளாஷை நிறுத்திவிட்டு வேலை செய்வோம். முகப்பில் ஓடும் துறைமுகப் படத்தோடு மெனுவை ஒருவரும் பார்த்ததில்லை. ஃபிளாஷ் படம் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்கும். மெனு அதன் பின்னால் விழுந்திருந்தது. மெனு மேலே வரும்படி படத்தை 'டிரான்ஸ்பரன்ட்' ஆக்க ஒரு வரி போதும். ஆனால் அதை ஏற்றிப் பார்க்க அதே தொலைபேசி லைனில் இன்டர்நெட் போடவேண்டும். போட்டால் வெளியிலிருந்து எடுக்கிறவர்களுக்கு எங்கேஜ்.

முதலாளி றமீஸ் நானா தடுத்தார். "மகள் எடுப்பா தங்கச்சி. நாளைக்குப் பார்ப்பம்."

"அவரும் அம்மாவைத்தானே தேடுறார் நானா," என்றேன். லைனை மோடத்தில் செருகினேன். அது கத்தத் தொடங்கியது.

எக்ஸ்ப்ளோரர் உலாவியில் சரிவந்தது, ஃபயர்ஃபொக்ஸில் வரவில்லை. அதே வரியை இன்னோர் இடத்திலும் போடவேண்டும் என்பதைப் பதற்றத்தில் மறந்திருந்தேன். திருத்தி மறுபடி ஏற்றினேன். நானா வாசலில் நின்று வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கப்பல் வந்தது. அதன்மேல் கிண்ணியா, கந்தளாய் என்று பெயர்கள் இறங்கின.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் மேசையில் திறந்தால் போதாது. தேடுகிறவர் எப்படித் திறப்பாரோ அப்படித் திறந்து பாருங்கள்.

மோடத்திலிருந்து லைனைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியையே பார்த்தபடி இருந்தேன். அது அடிக்கவில்லை. நானா வாசலிலிருந்து விலகி வழிவிட்டார். துளசி நின்றாள். பின்னால் ரியூஷன் மாஸ்டர், குறுக்கு ஒழுங்கைகளால் உருட்டிவந்த சைக்கிளோடு. நான் எழும்புவதற்குள் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"துறைமுகப் பக்கம் எண்டவுடன பயந்துபோனன் அம்மா. மாஸ்டர் வீட்டிலயிருந்து எடுக்க எடுக்க எங்கேஜ். பிறகுதான் நெஞ்சு ஆறினது. எங்கேஜ் எண்டா நீங்கள் வேலை செய்துகொண்டு இருக்கிறீங்கள்தானே."