சீட்டு ஒட்டிய கறிமிளகாய்

கடலோரக் கிராமமான எத்தாளையில் எங்கள் வான் வண்டியை நிறுத்துகிறோம். தன் தோட்டத்துக்கு முன்னால் மேசை போட்டு ஒரு பெண் கறிமிளகாய் விற்கிறார். மேசையின் ஒரு பக்கத்தில் மணல் ஒட்டிய காய்கள் குவிந்து கிடக்கின்றன. அரைக் கிலோ இருநூற்றைம்பது ரூபாய். மறுபக்கத்தில் அதே அரைக் கிலோ, வெள்ளைத் தட்டில் அடுக்கி, பொலித்தீன் சுற்றி, விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அது முந்நூற்றிருபது.

நான் கொழும்பில் சுப்பர் மார்க்கெட்டிலேயே மரக்கறி வாங்கிப் பழகியவன். குவியலைக் கிளறி, வளைந்த காய் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “ராத்தா, இருநூறுக்குத் தாங்களேன்” என்கிறேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டுகிறார். உடனே மறுபக்கத்திலிருந்து சீட்டு ஒட்டிய பொதி ஒன்றை எடுத்து, பேரம் பேசாமல் முந்நூற்றிருபதை நீட்டுகிறேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

“தம்பி, ரெண்டும் காலைல ஒரே பாத்தியில ஆய்ஞ்சதுதான்.”

“அப்ப இதுக்கு ஏன் விலை கூட?”

“குவிச்சு வெச்சா எல்லாரும் கொறைக்கச் சொல்லிக் கேக்குறாங்க. சீட்டு ஒட்டினா ஒருத்தரும் வாய் தொறக்கிறல்ல.”

வெட்கத்தோடு பொதியை வைத்துவிட்டு, குவியலிலிருந்து அரைக் கிலோ கேட்கிறேன், அவர் சொன்ன விலைக்கே. அவர் நிறுத்துக்கொண்டிருக்கும்போது வானிலிருந்து என் நண்பர் இறங்கி வருகிறார். நான் வைத்த பொதியையே எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்.

“இதுதான் தரமான சாமான்” என்று எனக்குச் சொல்லிவிட்டு, முந்நூற்றிருபதை எண்ணிக் கொடுக்கிறார்.

ராத்தா என் முகத்தைப் பார்க்கிறார். நான் கடற்பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.