நேர்ந்துவிட்ட கிடாய்

எங்கள் மேச்சேரி இனச் செம்மறி ஆடுகளில் இரண்டுக்குச் சினையே நிற்கவில்லை. “மலட்டு ஆட்டுக்கு எதுக்குத் தீனி? சந்தைக்கு ஓட்டிரு சாமி,” என்று என் கணவரிடம் சொன்ன மாமியார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமாகி ஏழு வருஷம். எனக்குக் குழந்தை இல்லை.

சுருக்கென்றது. “ஓட்ட உடமாட்டேனுங்க அத்தை. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்தான் இதுகளுக்கு அப்பன். அதோடயே சேர உட்டா எப்படிங்க சினை நிக்கும்?”

“சாமி கிடாயவே குத்தம் சொல்றியா?”

ஆமாம், சொன்னேன். சங்ககிரியிலிருந்து வேறு கிடாய் பிடித்துவந்தேன். வெறும் சோளத்தட்டு தின்ற ஆடுகளுக்குக் கம்பும் புண்ணாக்கும் வைத்தேன். இரண்டும் குட்டி போட்டன. அதில் ஒன்றுக்கு இரட்டைக் குட்டி.

அதுவரை குறை எனக்குத்தான் என்று நானே நம்பியிருந்தேன். அன்று கணவரிடம் சொன்னேன்: “இத்தன வருஷமா டாக்டர்கிட்ட நான் மட்டுந்தானுங்க போனேன். திங்கக்கெழம நீங்களும் வாரீங்க.”