பேயின் கன்னத்துப் பொட்டு

மேல் வீட்டு அம்மாள் எதற்கும் திருஷ்டிப் பொட்டு வைப்பவர். மகனின் புது ஸ்கூட்டருக்கும் வைத்தார், தொட்டியில் காய்த்த முதல் கத்தரிக்காய்க்கும் வைத்தார். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

மைசூரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஹாலோவீன் கொண்டாடிய அன்று, பேய் கேக் செய்ய அந்த அம்மாள் எங்கள் வீட்டு ஓவனைத் தேடி வந்தார். நெற்றி நிறையக் குங்குமம், மூக்குக்கண்ணாடியில் மைதா மாவு. முட்டை கூடாதென்று தயிர் ஊற்றிச் செய்தார். வெந்து ஆறிய கேக்கின் மேல் வெள்ளை கிரீமைப் பேய் வடிவில் பூசி, உருக்கிய சாக்லேட்டால் இரண்டு கண்கள் வைத்தார். பிறகு அதே சாக்லேட்டைத் தொட்டு, பேயின் கன்னத்தில் ஒரு பொட்டு!

"பேய்க்குமா திருஷ்டி?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"ஸ்வல்ப, கொஞ்சம் சும்மா இருங்க சார். பேய் யாரையும் பாக்கல. ஒரு மணி நேரமா இதையே பாத்துட்டு நிக்கிறது நீங்கதானே?"

முதல் துண்டை, பொட்டோடு, எனக்கே வெட்டிக் கொடுத்தார்.

இந்தப் பைத்தியக்காரத்தனத்தில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. கேக்கை மிச்சமில்லாமல் தின்றேன். பொட்டை மட்டும் ஏன் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.