சுவரில் என்னைப் பற்றி எழுதியிருந்தது

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம், செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் இருந்த ஒரு அரிசி மில் சுவரில் யாரோ என் பெயரைக் கரியால் எழுதி, அதற்குக் கீழே ஒரு கெட்ட வார்த்தையும் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அது எங்கள் காலனி இருக்கும் திசையைக் காட்டியது. எழுதியவன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைவிடக் குறைவாக மார்க் வாங்கிய எவனோ என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அப்படி எழுத ஒருவனுக்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை.

மூன்று மாதம் அந்த எழுத்து அங்கேயே இருந்தது. பள்ளிக்கூடம் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை நான் அதைக் கடக்க வேண்டும். மூட்டை இறக்குகிறவர்கள் படித்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் படித்தார்கள். எங்கள் வாத்தியார்களும் அந்த வழியாகத்தான் சைக்கிளில் வருவார்கள். அழிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. "பாக்காத மாதிரி போயிடுடி" என்று கூடப் படித்தவள் சொன்னாள். நான் பார்க்காமல் போனால் மற்றவர்களும் பார்க்காமல் போவார்களா?

என் நைனாவின் தொழிலே வெள்ளையடிப்பது. ஊரில் பாதிச் சுவர்கள் அவர் கைபட்டவை. வாளியில் சுண்ணாம்பை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை நீலம் போட்டுக் கலக்குவார். அவர் மகளின் பெயரை ஒரு சுவரிலிருந்து எடுக்க அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். ஆனால் சுவர் அவருடையது இல்லை. அதனால் மில் முதலாளியிடம் கேட்கப் போனார். நானும் கூடப் போனேன்.

"அந்த எடத்துல மட்டும் ஒரு கை அடிச்சுடறேன், முதலாளி. சுண்ணாம்பு என்னுதுதான்."

"இப்ப இன்னாடா அவசரம்? எலெக்சன் வருது. கட்சிக்காரன் சுவரு கேட்டுகிறான். அப்ப மொத்தமா அடிச்சிக்கலாம்."

"பொம்பளப் புள்ள பேரு, முதலாளி."

"பேர அழிச்சிட்டா பேசறது நின்னுடுமா? போ, போயி வேலயப் பாரு."

நைனாவுக்கு அப்போதே தலை நரைத்துவிட்டது. முதலாளி அவரைவிடப் பத்து வயது சின்னவர். திரும்பும் வழியெல்லாம் நான் நைனாவுக்குப் பத்தடி முன்னால் நடந்தேன். எனக்கு முதலாளி மேல் இருந்த கோபத்தைவிட நைனா மேல்தான் கோபம் அதிகம்.

என் அம்மா கோட்டையில் புல் செதுக்கும் கூலி வேலைக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். கல்யாண மகால் சுவர்களில் ஆணியாலும் கல்லாலும் கீறிய பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லோரும் அதைப் பார்த்து 'சே' என்பார்கள். நான் ஒவ்வொன்றாக நின்று பார்ப்பேன். அவசரமாகக் கீறியது சாய்ந்திருக்கும். பயந்து கீறியது மேலோட்டமாக இருக்கும். ஆத்திரத்தோடு கீறியவன் கோடு காரையைத் தாண்டிச் செங்கல்வரைக்கும் போயிருக்கும். விரலை வைத்தால் தெரியும். ஓவியம் பற்றி எனக்கு முதலில் தெரிந்தது அவ்வளவுதான். இப்போதும் அதற்கு மேல் அதிகம் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போகாமல், அடுப்புக்கரியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனேன். பட்டப்பகல். அந்தக் கெட்ட வார்த்தையை நான் அழிக்கவில்லை. அதன் எழுத்துகளையே இழுத்து நீட்டி ஒரு பெண்ணின் தலைமுடி ஆக்கினேன். அம்புக்குறியை மூக்காக்கினேன். என் உயரத்துக்கு ஒரு முகம். கண்கள் ரோட்டை நேராகப் பார்த்தன. வாயைத் திறந்து வைத்தேன், பல் தெரிய. கீழே பெரிதாக எழுதினேன்: "எழுதினவனே, உன் பேரைப் போடு."

கூட்டம் சேர்ந்துவிட்டது. மூன்று மாதமாக அந்தச் சுவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். அன்றுதான் அவர்களுக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது.

"பொட்டப்புள்ள பண்ற காரியமா இது?" என்றார் ஒருவர்.

"எலெக்சனுக்கு வச்சிருக்கற சுவருடா, பாழாக்கிட்டாளே!" என்றார் இன்னொருவர்.

முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைத் திட்டியதை இங்கே எழுதப் போவதில்லை. சுவரில் இருந்த அதே வார்த்தைதான். பிறகு ஆள் அனுப்பி நைனாவைக் கூட்டிவரச் சொன்னார். அரை மணி நேரத்தில் நைனா வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையுமாக வந்து நின்றார்.

"உம் பொண்ணு பண்ணத நீயே அழி. இப்பவே."

தேர்தல்வரை பொறுக்க வேண்டியிருந்த சுவருக்கு இப்போது நல்ல நேரம் பிறந்துவிட்டது. நைனா என்னைப் பார்க்கவில்லை. மட்டையைத் தோய்த்து மேலிருந்து கீழாக அடித்தார். முதலில் கண்கள் போயின. "நைனா, வேணாம்" என்றேன். அவர் நிறுத்தவில்லை. அந்த நிமிஷம் அந்த வாளியை எட்டி உதைக்காமல் ஏன் நின்றேன் என்று எத்தனையோ வருஷம் என்னையே கேட்டிருக்கிறேன்.

ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் ஒரு வாரத்திலேயே ஊர் சிரித்தது. சுண்ணாம்பு நீர்த்திருந்ததால் கரி ஊறி மேலே வந்துவிட்டது. வெள்ளைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் அந்த முகம் மறுபடி பார்த்தது, வாயைத் திறந்துகொண்டு. முதலாளி இன்னொரு முறை கூப்பிட்டு அடிக்கச் சொன்னார். முப்பது வருஷம் வெள்ளையடித்தவருக்குச் சுண்ணாம்பு எவ்வளவு தண்ணி தாங்கும் என்று தெரியாதா? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்தார் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

மறு வருஷம் மெட்ராஸில் ஓவியம் சொல்லித்தரும் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே என் வகுப்பில் எல்லோரும் கிராமத்துப் பெண்ணை வரைந்தார்கள். இடுப்பில் குடம், பெரிய கண், தலையில் பூ. ஒருத்திகூட வாயைத் திறந்திருக்க மாட்டாள். அந்தப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். நான் பலகையில் விளக்குக்கரியைப் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்து, காய்ந்ததும் ஆணியால் கீறுவேன். உள்ளேயிருந்து கறுப்பு வெளியே வரும். எங்கள் பேராசிரியர் பார்த்துவிட்டு, "கோட்டுல நளினமே இல்லையேம்மா. இது கக்கூஸ் சுவர் கிறுக்கல்" என்றார்.

அடுத்த மாதமே அவர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து வகுப்பில் காட்டினார். அமெரிக்காவில் ரயில் பெட்டி முழுக்க இளைஞர்கள் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். "கிராஃபிட்டி. எவ்வளவு துணிச்சல் பாருங்க" என்றார். அந்தப் படங்கள் என் உயிரைக் குலுக்கின. எழுத்தே உருவமாக உப்பி, சாய்ந்து, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றது. நாள் கணக்கில் அதையே பார்த்து, தமிழ் எழுத்தை அப்படி உடைத்துப் பழகினேன். ஆனால் அன்று வகுப்பில் என் காது சூடாகிவிட்டது. அமெரிக்காக்காரன் செய்தால் துணிச்சல், காலனிக்காரி செய்தால் கக்கூஸ்!

பிறகு எங்களை மண்டகப்பட்டுக் குகைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் ஊருக்குப் பக்கம்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று பல்லவ ராஜா எழுதிவைத்ததைப் பேராசிரியர் மெய்மறந்து விளக்கினார்.

"சார், இதுவும் சுவத்துல பேர் எழுதினதுதானே?" என்றேன்.

"அவர் ராஜா ஆச்சேம்மா."

"கல்ல வெட்டுனவங்க பேரு எங்க சார் இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு என் படங்களைப் பற்றி அவர் பேசுவதையே விட்டுவிட்டார்.

கடைசி வருஷக் கண்காட்சிக்கு நான் ஆறடிப் பலகை ஒன்று செய்தேன். பஸ் சீட்டுக்குப் பின்னால், ஸ்கூல் பெஞ்சில், ஆஸ்பத்திரிச் சுவரில் பெண்களைப் பற்றி எழுதியிருந்ததையெல்லாம் வருஷக்கணக்கில் நோட்டில் குறித்திருந்தேன். அத்தனையையும் கீறினேன், பெயர்களை மட்டும் விட்டுவிட்டு. நடுவே ஒரு பெண் உட்கார்ந்து அவற்றை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சுண்ணாம்புல நல்லா வேல செஞ்சிருக்க. அந்த வார்த்தைகள மட்டும் எடுத்துடு. பெரிய மனுஷங்க வர்றாங்க" என்றார் பேராசிரியர்.

"எடுக்க மாட்டேன், சார்."

கண்காட்சி அன்று காலையில் போய்ப் பார்த்தால் பலகையை மாடிப்படிக்கு அடியில் திருப்பி வைத்திருந்தார்கள். நான் இரண்டு பேரை உதவிக்குக் கூப்பிட்டு அதைத் தூக்கி, கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் சாத்தி வைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஆண்கள் நின்று பார்த்து, சிரித்து, அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பதினொரு மணிவாக்கில் கார்ப்பரேஷனில் ரோடு கூட்டும் ஒரு அம்மா விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாம்மா எழுதிகீது? எனக்குப் படிக்கத் தெரியாது."

ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். சிலதை மெதுவாகச் சொன்னேன். அவளுக்குக் கூச்சம் எதுவும் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல ஒண்ணு இல்லியே" என்றாள். தன்னை மேஸ்திரி தினமும் கூப்பிடும் வார்த்தையைச் சொன்னாள். "எழுதிக்கோ. பெருசா எழுது."

ஆணியை எடுத்து எழுதினேன். அவள் பக்கத்தில் நின்று, கோடு ஆழமாக விழுகிறதா என்று குனிந்து பார்த்தாள். உள்ளே திறப்பு விழா மைக் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் வந்து அதட்டியபோது அவள்தான் அவனுக்குப் பதில் சொன்னாள். சாயந்திரத்துக்குள் இன்னும் நான்கு பெண்கள் தங்கள் வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பரீட்சையில் பாஸ் மட்டும் போட்டார்கள். பலகையை லாரியில் செஞ்சிக்கு அனுப்பியபோது வழியிலேயே குறுக்கே உடைந்துவிட்டது. ஒரு பாதி என் தம்பி வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகக் கிடந்து சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்தது. அதை நான் மறுபடி செய்யவில்லை. வேறு பலகைகள் செய்தேன், செய்துகொண்டிருக்கிறேன். வயதானால் கோபம் தணியும், கோடு மென்மையாகும் என்று பார்க்கிறவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அவர்கள் எதற்காக அதை ஆறுதல் என்று நினைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.