ஆர்ச்சி குரல் கொடுத்தாரா?

எங்க அண்ணி நெட்டாவுக்கு ஒரு இடத்துல நிக்கத் தெரியாது. கிரெகர் அண்ணனைக் கட்டிக்கிட்டு எங்க ஊரு பிட்கார்விக்கு வந்த அன்னிக்கே, சூப் ஆறுறதுக்குள்ள மூணு தடவை எழுந்து ஜன்னல் பக்கம் போய் கடலைப் பார்த்துட்டு வந்தாங்க. "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு வந்திருக்கா பாரு"ன்னு எங்கம்மா முகத்துக்கு நேராவே சொன்னாங்க. அண்ணி சிரிச்சுட்டு மறுபடியும் எழுந்தாங்க.

பள்ளிக்கூடச் சமையக்கட்டுல இருபத்தாறு வருஷம் வேலை. காலையில ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் இருநூறு பிள்ளைங்களுக்கு உருளைக்கிழங்கு. ரெண்டு மணிக்குக் கை கழுவினா, ஏப்ரனைக்கூடக் கழட்டாம கோல்ஃப் மைதானத்துக்கு ஓடிடுவாங்க. எங்க ஊர்ல கோல்ஃப் ஒண்ணும் துரைமார் ஆட்டம் இல்ல. தபால்காரரும் ஆடுவாரு, நண்டுப் படகுக்காரனும் ஆடுவான். ஆனா அண்ணி மாதிரி யாரும் அதுக்காக அலைஞ்சதில்ல.

ஊர்ப் பெண்கள் கோப்பைக்கு ஏழு தடவை இறுதி ஆட்டம் வரைக்கும் போனாங்க. ஏழும் தோல்வி. அதுல ஒண்ணு அவங்களே இழுத்து விட்டுக்கிட்டது. புல்லுக்குள்ள பந்து ஒரு நூல் நகர்ந்துச்சாம். யாரும் பார்க்கல. இவங்களே போய்ச் சொல்லி ஒரு அடி தண்டம் வாங்கி, அந்த ஒரு அடியில தோத்தாங்க. அவங்க மட்டைப் பையைத் தூக்கிட்டு நின்ன எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. வீடு வர்ற வரைக்கும் நான் அவங்ககிட்ட பேசல.

எட்டாவது தடவை இறுதிக்கு வந்தப்போ அண்ணிக்கு அம்பத்தெட்டு. வலது தோள்ல எலும்பு தேய்ஞ்சு, அக்டோபர்ல ஆபரேஷன். "அதுக்கப்புறம் கரண்டி பிடிக்கலாம். மட்டை வீசறதை மறந்துடுங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்தத் தடவை இல்லேன்னா எப்பவும் இல்ல. ஒரு வாரமா அவங்களும் தூங்கல, சமையக்கட்டுல நடக்கற சத்தத்துல அண்ணனையும் தூங்க விடல.

எதிராளி மருந்துக்கடை ரோடா பேயர்ட். அஞ்சு தடவை ஜெயிச்சவங்க. அவங்க பையைத் தூக்கினது அவங்க வீட்டுக்காரர் ஆர்ச்சி. பஸ் ஓட்டி ஓய்வானவரு. இப்போ சர்ச் வேன்ல கிழவன் கிழவிங்களை ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் கொண்டு வருவாரு. தங்கமான மனுஷன்.

அன்னிக்குக் காத்து பேய்க் காத்து. பதினாலாவது குழி முடிஞ்சப்போ அண்ணி ஒரு குழி அதிகமா ஜெயிச்சு முன்னால இருந்தாங்க. அங்கதான் அந்தக் கல்சுவரு. மைதானத்தைவிட வயசானது, அதனால யாரும் அதுல கை வைக்க மாட்டாங்க. சுத்திப் போனா அரை மைல். ஆடறவங்க படிக்கல் வழியா ஏறி இறங்குவாங்க. பையைத் தோள்ல போட்டுக்கிட்டு அதுல ஏற முடியாது. முதல்ல ஒருத்தர் தாண்டி அந்தப் பக்கம் நிப்பாரு. இந்தப் பக்கம் இருக்கறவங்க அவரு பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அவரு "போடு"ன்னு குரல் கொடுக்கணும். அப்புறம்தான் பையைத் தூக்கிப் போடணும். வேற ஊர்க்காரன் யாராவது கேட்டா சிரிப்பான். எங்க தாத்தன் காலத்துலேர்ந்து இப்படித்தான்.

ஆர்ச்சி முன்னாடியே தாண்டி, ரோடா போட்ட பையைப் பிடிச்சு வச்சுட்டு அந்தப் பக்கம் நின்னாரு; ரோடாவும் தாண்டி முன்னால போயிட்டாங்க. அண்ணி சுவத்து மேல ஏறி நின்னுக்கிட்டு, "சீக்கிரம் எஃபி, சீக்கிரம்டீ, கை ஆறிடும்"னு பரபரத்தாங்க. "ஆர்ச்சி அண்ணே!"ன்னு கத்தினேன். பதில் வந்துச்சா? வரல. காத்துதான் வந்துச்சு. நான் பொறுக்கல, பையைத் தூக்கிப் போட்டுட்டேன்.

டமார்னு ஒரு சத்தம். ஏறிப் போய்ப் பார்த்தா ஆர்ச்சி ஒத்தைக் கையால பை வாரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. பை கல்லு மேல கிடக்குது. உருட்டுமட்டை, அதான் கடைசியில பந்தைக் குழிக்குள்ள தள்ளிவிடற மட்டை, கழுத்து முறிஞ்சு தலை தனியா கிடந்துச்சு.

நடுவர் மன்கர் ஐயா வந்தாரு. மாட்டு டாக்டரா இருந்தவரு, எதையும் நிதானமா பேசுவாரு. "சட்டம் சுலபம். ஆடறவங்களோ அவங்க பை தூக்கறவங்களோ உடைச்சிருந்தா, வேற மட்டை கிடையாது. வேற யாராவது உடைச்சிருந்தா, வேற மட்டை எடுத்துக்கலாம். சுவத்து மேல பறக்கற பை யாரோட பொறுப்பு? குரல் கொடுத்துட்டா பிடிக்கறவரோடது, கொடுக்கலேன்னா வீசினவளோடது. ஆர்ச்சி, குரல் கொடுத்தியா?"

ஆர்ச்சி மோவாயைத் தடவினாரு. "கொடுத்திருப்பேன்... எப்பவும் கொடுப்பேனே. கொடுத்தேனான்னு..."

"எஃபி?"

கண் முன்னால அந்த ஏழு தோல்வியும் வரிசையா நின்னுச்சு. "கொடுத்தாரு. நல்லாக் கேட்டுச்சு"ன்னு சொன்னேன். நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறல.

"அப்படின்னா என் கைதான் வழுக்கிடுச்சு. மன்னிச்சுக்க நெட்டா"ன்னு ஆர்ச்சி தொப்பியைக் கழட்டினாரு. அண்ணி ஒண்ணும் பேசல. கிளப்புலேர்ந்து வேற மட்டை வந்துச்சு. பதினேழாவது குழியில ஒன்பது அடி தூரத்துலேர்ந்து உருட்டி, இனி எட்டிப் பிடிக்க முடியாதபடி ரெண்டு குழி முன்னால போய் ஆட்டத்தை முடிச்சாங்க. கோப்பை கைக்கு வந்துச்சு. ஊரே கை தட்டுச்சு, அண்ணன் நடு மைதானத்துல குழந்தை மாதிரி அழுதாரு. நானும் அழுதேன், பொய் சொல்லுவானேன்.

பதினோரு நாள் கழிச்சு ஆர்ச்சி எங்க ரொட்டிக்கடைக்கு வந்தாரு. ரெண்டு பன்னு வாங்கிட்டு நகராம நின்னாரு.

"எஃபி, அன்னிக்கு நான் 'போடு'ன்னு நிஜமாவே சொன்னேன்ல?"

"அது இப்போ எதுக்கு அண்ணே?"

"எனக்கு அது ஞாபகத்துலயே இல்லம்மா. வேற என்னமோதான் ஞாபகம் இருக்கு. எங்கப்பாவுக்கும் மறதி நோய் இப்படித்தான் ஆரம்பிச்சுது. சொன்னதைச் சொல்லலைன்னுவாரு, சொல்லாததைச் சொன்னேன்னுவாரு. வேன் சாவியை நேத்தே சர்ச்சுல கொடுத்துட்டேன். அத்தனை பேரை ஏத்திக்கிட்டு நான் எதையாவது மறந்து தொலைச்சேன்னா? வியாழக்கிழமை பெரிய டாக்டரைப் பார்க்கறோம். பொண்ணு ஊர்லேர்ந்து வர்றா."

சொல்லிட்டு மிச்சச் சில்லறையை வாங்காமலே போயிட்டாரு. கடையை அப்படியே பூட்டிட்டு அண்ணி வீட்டுக்கு ஓடினேன். அண்ணி மேசையைச் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டிருந்தாங்க. ஜெயிச்ச நாள்லேர்ந்து இப்படித்தானாம். ஆபரேஷன் கவலைன்னு அண்ணன் நினைச்சுக்கிட்டிருந்தாரு.

அழுதுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டினேன். "அண்ணி, அவரு குரலே கொடுக்கல. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"சுவத்து மேல நின்னவளுக்குத் தெரியாதாடீ? அவரு குனிஞ்சு ஷூ கயிறு கட்டிக்கிட்டிருந்தாரு. நிமிர்றதுக்குள்ள பை வந்துடுச்சு. நீ சொன்னது ஒரு பொய். நான் சொல்லாதது என்ன?" கோப்பையை அலமாரியிலேர்ந்து எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டாங்க. "கிளம்பு."

"ஊரு காறித் துப்பும் அண்ணி!"

"துப்பட்டும். துடைச்சுக்கலாம். வாடீ!"

கதவைத் திறந்தது ரோடா. பின்னால நாற்காலியில ஆர்ச்சி. அண்ணி வாசப்படி தாண்டல. மூச்சு விடாம பேசினாங்க. "ஆர்ச்சி, நீங்க குரல் கொடுக்கல. இவ கேக்காம போட்டா. நீங்க ஷூ கயிறு கட்டிக்கிட்டிருந்தீங்க. நான் மேலேர்ந்து பார்த்தேன். பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன்."

ஆர்ச்சி எழுந்த வேகத்துல நாற்காலி சாய்ஞ்சுது. "ஷூ கயிறு! ரோடா, கேட்டியா? ஷூ கயிறு கட்டினேன்னு நான் சொன்னேன்ல? அன்னிக்கு ராத்திரியே சொன்னேன்ல?"

ரோடா அவரைத் திரும்பிப் பார்த்தாங்க. "சொன்னீங்க. நான்தான் நம்பல. உங்களுக்கு மறந்து போச்சுன்னு சொல்லிட்டேன்"னாங்க.

அண்ணி கோப்பையை நீட்டினாங்க. ரோடா அதைத் தொடக்கூட இல்ல. "பதினோரு ராத்திரி நெட்டா. இந்த மனுஷன் இருட்டுல உக்காந்து பேரப்பிள்ளைங்க பேரை விரல் விட்டு எண்ணிக்கிட்டிருந்தாரு. ஒண்ணாவது மறந்து போச்சான்னு பார்க்க. இதை நான் எங்க வைக்கறது? நீயே கொண்டு போ."

கதவு சாத்திக்கிச்சு. கோப்பையோட அங்கேயே நின்னோம், எந்தப் பக்கம் போறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. உள்ள ஆர்ச்சி டெலிபோன்ல மகள்கிட்ட சத்தமா பேசறது தெரு வரைக்கும் கேட்டுச்சு. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ வர வேணாம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."