நாற்பத்து மூன்று முறை தேறியவர்

அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியின் அந்தக் கிளையில் நிரந்தர ஊழியர்கள் நாற்பத்து மூன்று பேர். அத்தனை பேரும் நன்னடத்தைத் தேர்வில் இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினார்கள். எழுதியவர் நாற்பத்து நான்காவது ஆள்.

அவரைத் தபால் அக்கா என்பார்கள். வாசலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து, வருகிற கடிதங்களுக்கு எண் போட்டு, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. இது கிடைப்பதற்கு முன் அவர் ஏறி இறங்காத படி இல்லை. ஒரு துணிக்கடையில் வயது அதிகம் என்றார்கள். ஒரு பள்ளி அலுவலகத்தில் அனுபவம் போதாது என்றார்கள். இரண்டும் ஒரே வாரத்தில். இங்கே பதினோரு மாத ஒப்பந்தம். முடிந்தால் இன்னொரு பதினோரு மாதம். இப்படி ஒன்பது வருஷமாகத் தற்காலிகமாக இருக்கிறார்.

வருஷம் தவறாமல் நிரந்தரம் கேட்டு விண்ணப்பம் எழுதுவார். அதற்கும் அவரே எண் போட்டு, அவரே முத்திரை குத்தி, அவரே மேலாளரிடம் கொண்டுபோவார். மேலாளர் அதைப் 'பரிசீலனையில்' என்ற கோப்பில் போட்டு, கோப்பின் மேல் தன் தண்ணீர் பாட்டிலை வைப்பார்.

அப்படி இருக்கையில் தலைமை அலுவலகத்துக்கு ஒழுக்கத்தின் மேல் திடீர் ஆசை வந்தது. நிரந்தர ஊழியர் ஒவ்வொருவரும் கம்ப்யூட்டரில் பன்னிரண்டு பாடம் பார்த்து இருபது கேள்விக்குப் பதில் தரவேண்டும். பாட வீடியோவில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே பேசுவார். தள்ளி ஓட்ட முடியாது. ஆளுக்கு ஒரு மணி பத்து நிமிஷம். கம்ப்யூட்டரைப் போட்டு ஆட்களை உட்காரவைக்கும் வேலை அக்கா தலையில் விழுந்தது.

முதலில் வந்தவர் பேக்கிங் அண்ணன். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எல்லோரையும் சமமாக நடத்தச் சொல்லும் பாடத்தில் எழுத்தே கிடையாது, வெறும் பேச்சு. "இந்த ஆள் எதுக்குச் சிரிக்கிறான்?" என்று கையால் கேட்டார். அக்காவும் கையாலேயே விளக்கிக்கொண்டிருந்தார். பாதியில் லாரி வந்துவிட்டது. 'நீயே முடிச்சுடு' என்று சைகை காட்டிவிட்டு அண்ணன் ஓடினார்.

அடுத்து பசை ஒட்டுபவர் வந்தார், வெட்டு மிஷின்காரர் வந்தார், வரிசை நீண்டது. கடைசியில் மேலாளரே வந்தார்.

"எனக்கு மீட்டிங் இருக்கு. என்னோடதையும் ஒரு தட்டு தட்டிடுங்க அக்கா."

"பாஸ்வேர்டு சார்?"

"என் பேரு, அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு."

"அப்படி வைக்கக் கூடாதுன்னு எட்டாம் பாடத்துல வருது சார்."

"நான் இன்னும் எட்டாம் பாடம் பார்க்கலையே."

வீட்டில் காய் நறுக்கும்போதுகூட அக்கா வாயில் பாடம் வந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர் பொறுத்துப் பார்த்தார்.

"அந்த நீலச் சட்டையைப் பாக்கற நேரத்துல பாதி என்னைப் பாத்தா என்ன?"

"உங்களையும் தள்ளி ஓட்ட முடியாமத்தானே பாத்துட்டு இருக்கேன்."

வினை பதினேழாம் கேள்வியில் இருந்தது. 'மேலதிகாரி தம் தேர்வை உங்களை எழுதச் சொன்னால் என்ன செய்வீர்கள்?' மறுப்பேன், புகார் செய்வேன், எழுதிக் கொடுப்பேன் என்று மூன்று பதில்கள். அக்கா பொய் சொல்கிறவர் இல்லை. என்ன செய்து கொண்டிருந்தாரோ அதையே அமுக்கினார். நாற்பத்து மூன்று தடவை.

ஒரு கிளை மொத்தமும் இப்படி வாக்குமூலம் கொடுத்தால் தலைமை அலுவலகம் சும்மா இருக்குமா? புதன்கிழமை ஓர் அதிகாரி அம்மா வந்து இறங்கினார். பேனாவைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார், இரவல் தரமாட்டாராம்.

மேலாளர் அக்காவைத் தனியே அழைத்தார். "கேட்டா கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை உங்க ஒப்பந்தம் முடியுது. மிரட்டல் இல்ல, தேதியை ஞாபகப்படுத்தறேன்."

விசாரணை பேக்கிங் கொட்டகையில் நடந்தது. முதல் கேள்வி மேலாளருக்கு.

"பன்னிரண்டு பாடத்துல ஒண்ணு சொல்லுங்க சார்."

"ஒழுக்கம் மேடம்."

"அது தலைப்பு. சரி, இதையெல்லாம் எழுதினது யாரு?"

அக்கா கம்ப்யூட்டர் கோளாறைத் தொண்டைவரை கொண்டுவந்து தயாராகத்தான் வைத்திருந்தார். ஆனால் மூன்றாம் பாடத்தை நாற்பத்து மூன்று முறை கேட்ட நாக்கு, பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

"கேட்கப்படும்போது உண்மையை முழுமையாகவும் தாமதமின்றியும் தெரிவிக்க வேண்டும் மேடம். நான்தான்."

மேலாளர் பெருமூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமையோட அனுப்பிடறேன் மேடம்."

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். "இவங்க பேரே இதுல இல்லையே."

"தற்காலிகம் மேடம்."

"அப்போ இவங்க மேல விதி பாயாது. ஊழியர் எண் இருக்கறவங்க மேலதான் பாயும். நாப்பத்து மூணு பேர். முதல் பேரு உங்களோடது."

மேலாளருக்கு வியர்த்தது. "இவங்க நிரந்தரமா இருந்தா?"

"பாயும். முதல் பேரு எழுதினவங்களோடதா இருக்கும்."

ஒன்பது வருஷம் அசையாத தண்ணீர் பாட்டில் ஒன்பது நொடியில் நகர்ந்தது. மேலாளர் அக்காவுக்கு நிரந்தர ஆணை எழுதி எடுத்து வந்து, போன மாதத் தேதியைப் போடப்போனார்.

"முன்தேதி போடறது அஞ்சாம் பாடம் சார்," என்றார் அக்கா.

அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மேலாளர் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார். அக்கா அதை வாங்கி, எண் போட்டு, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றினார்.

அதிகாரி ஆணையை மெதுவாகப் படித்தார். "இன்னைக்குத்தான் சேர்ந்திருக்காங்க. தப்பு நடந்தது போன மாசம். சேர்றதுக்கு முன்னாடி நடந்ததுக்கு இந்த விதியில இடமில்ல சார்."

இது தெரிந்தேதான் அதிகாரி கையெழுத்து விழும்வரை காத்திருந்தாரா என்று கேட்டால், அவர் முகத்தைப் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தீர்ப்பு மட்டும் தெளிவு: நாற்பத்து மூன்று பேரும் மறுபடி தேர்வு எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரும்.

கிளம்பும்போது பேக்கிங் அண்ணன் அதிகாரியை மறித்துக் கையை ஆட்டினார்.

"என்ன சொல்றார்?"

"சமத்துவப் பாடத்துல வாய் மட்டும்தான் அசையுதாம் மேடம். எழுத்து எங்கேன்னு கேக்கறார்."

அதிகாரி பேனாவைக் கழற்றாமலே குனிந்து குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் அண்ணனுக்குப் பாடம் முழுவதும் அச்சாகி வந்தது. அக்கா அதற்கும் எண் போட்டார்.

மறுதேர்வு அன்று மேலாளர் வந்து நின்றார். "அக்கா, எனக்கு மீட்டிங்..."

"முடியாது சார். உக்காருங்க. பக்கத்து கம்ப்யூட்டர் காலிதான்."

ஒன்பது வருஷத்தில் அக்கா அங்கே சொன்ன முதல் 'முடியாது' அது. ஊழியர் எண்ணோடு சேர்த்துக் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

பதினேழாம் கேள்வி வந்தது. அக்கா இந்தத் தடவையும் பொய் சொல்லவில்லை. 'மறுப்பேன்' என்பதை அமுக்கினார். இருபதுக்கு இருபது. பக்கத்தில் மேலாளர் இரண்டாம் பாடத்தில் இருந்தார், நீலச் சட்டையைத் தள்ளி ஓட்டும் பொத்தானைத் தேடிக்கொண்டு.