அண்ணனின் ஈரலும் டாக்டரின் கட்டுரைகளும்

டாக்டரே, நீங்கள் எங்களை ஏமாற்றினீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அண்ணனும் நானும் சிவகாசியில் ஒரே பட்டாசு ஷெட்டில் கந்தகம் கலந்தோம். கை, நகமெல்லாம் எப்போதும் மஞ்சளாகவே கிடக்கும். அதனால் அவன் கண் மஞ்சளானபோதும் வெடிமருந்துத் தூசி என்றே நினைத்துக் கழுவிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் நீங்கள் அவன் விலாவில் ஊசி குத்தி ஈரலில் துணுக்கு எடுத்தீர்கள். நோயின் காரணத்தைச் சொல்வதாகச் சொன்னீர்கள். அவன் செத்த பிறகும் சொல்லவில்லை.

"ஈரலப் பத்தி டாக்டரு எம்புட்டோ எழுதிட்டாக, சீமைப் பத்திரிகையிலகூட வந்திருக்கு. ஒங்கண்ணனும் அதுல இருக்கான்லே" என்றார் உங்கள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்.

நான் அதே ஷெட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். காலையில் அம்மா என்னை வெயிலில் நிறுத்தி, "கண்ணக் காட்டுலே" என்பாள். இமையைப் பிரித்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

அவனைக் கொன்றது நாங்கள் கலந்த வெடிமருந்தா, இல்லையா? ஊரறிய, தமிழ்ப் பேப்பரில் பதில் எழுதுங்கள்.